காதல் துரோகத்துக்குப் பிறகு பாட்டின் வழியாக மீண்டு வருவது எப்படி

காதலித்தவர் துரோகம் செய்துவிட்டார் என்று தெரியவரும்போது இழப்பு ஒன்றோடு நிற்பதில்லை. அந்த மனிதர் போகிறார், அவரோடு சேர்ந்து போட்ட திட்டங்கள் போகின்றன, கடந்த நாட்களில் எது உண்மை, எது நடிப்பு என்ற தெளிவும் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் விட ஆழமாக அடிபடுவது ஒருவருக்குத் தன் கணிப்பின்மீது இருந்த நம்பிக்கை. "இத்தனை நாள் எனக்கு எப்படித் தெரியாமல் போனது?" என்ற கேள்வி மனத்தில் உட்கார்ந்துகொண்டால், நேற்றுவரை தயக்கமின்றி எடுத்த சின்னச் சின்ன முடிவுகளுக்குக்கூட இன்னொருவரின் ஒப்புதல் தேவைப்படத் தொடங்குகிறது. ஆகவே இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன: துக்கம் ஆற வேண்டும், தன் வாழ்க்கையைத் தானே நடத்தும் துணிவும் திரும்ப வேண்டும். பாட்டு இரண்டுக்கும் உதவும். ஆனால் எப்படியும் உதவும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அதே பாட்டு ஒருவரை மாதக்கணக்கில் அதே காயத்தின் முன் நிறுத்தி வைப்பதையும் நாம் பார்க்கிறோம்.

இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்ப வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: உங்கள் பாட்டை யார் கேட்பதாக நினைத்துக்கொண்டு பாடுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்தில் எல்லாப் பாட்டும் துரோகம் செய்தவரின் காதுக்காகவே எழும். அது இயல்பு, அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்க வேண்டும், கேட்டு வருந்த வேண்டும் என்று பாடும்வரை உங்கள் நிம்மதியின் சாவி அவர் கையில்தான் இருக்கிறது. கேட்பவர் இடத்திலிருந்து அவரை மெல்ல இறக்கி அங்கே உங்களை அமர்த்துவதே இதில் செய்யவேண்டிய வேலை. அதற்கு நல்ல குரல் வேண்டாம், சங்கீதப் பயிற்சி வேண்டாம். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும், ஒரு நோட்டும், கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவு வசதியும் போதும்.

சொல்லுக்கு முன் மூச்சு

முதல் சில நாட்களில் பாட்டெழுத உட்காராதீர்கள். அப்போது உடம்பே ஒரு நிலையில் இல்லை. ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், விருப்பமில்லாத பிரிவை அண்மையில் சந்தித்த 40 பேருக்கு முன்னாள் துணையின் படத்தைக் காட்டியபோது, சூடு பட்டு வலிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளில் சிலவும் சேர்ந்து இயங்கின. அதற்கு முந்தைய ஆண்டில் ஹெலன் ஃபிஷர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, காதலில் நிராகரிக்கப்பட்டவர் அந்த முகத்தைப் பார்க்கும்போது, போதைப்பொருளுக்கு ஏங்கும்போது தூண்டப்படும் பகுதிகளும் தூண்டப்படுவதைக் காட்டியது. "உடம்பெல்லாம் வலிக்கிறது" என்பதும், "ஒரே ஒருமுறை அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டால் போதும்" என்று கை பரபரப்பதும் மனத்தின் பலவீனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதிருக்க இந்த இரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏக்கம் எழும், உச்சத்துக்குப் போகும், தணியும். அது தணியும்வரை கையையும் வாயையும் மூச்சையும் வேறொன்றில் ஈடுபடுத்தி வைத்தால் அன்றைய கண்டம் தாண்டிவிடும்.

அதற்கு மிக எளிய வழி முனகுவது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தோள்களைத் தளர்த்தி, மூக்கின் வழியாக அவசரமில்லாமல் மூச்சை இழுங்கள். உதடுகளை மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் வைத்துக்கொண்டு, பேசும் குரலைவிடச் சற்றே தாழ்ந்த சுருதியில் "ம்" என்று நீட்டுங்கள். மூச்சு தானாக முடியும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். வயிற்றை இறுக்கிக் கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவை ஒட்டி வந்தால் நல்லது, ஆனால் எண்ணுவதே பதற்றம் தந்தால் எண்ண வேண்டாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே விரைவதும், வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக அது சற்றே நிதானப்படுவதும் எல்லா உடம்பிலும் நடப்பவை. பாடும்போதும் முனகும்போதும் உள்மூச்சு சுருங்கி வெளிமூச்சு நீள்வதால், நிதானப்படும் நேரம் கூடுகிறது. மனம் "அமைதியாக இரு" என்ற கட்டளைக்குக் கீழ்ப்படியாத நேரத்திலும் உடம்பு இந்த வழிக்கு இணங்கும். பத்து நிமிடம் செய்துபாருங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இடையில் அழுகை வந்தால் அதை விழுங்காதீர்கள். அழுகையை அடக்கும்போது தொண்டைத் தசைகள் இறுகிக்கொள்ளும், அதன்மேல் பாட முயன்றால் குரல் நோகும். வாயைத் திறந்து "ஆ" என்று அழுகையோடு அழுகையாகவே ஒலியை விடுங்கள். சுருதி எங்கே போனாலும் பரவாயில்லை. கத்துவது மட்டும் வேண்டாம். கோபத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு இரண்டு நாள் பேச முடியாமல் கிடப்பது இருக்கிற துன்பத்தோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதுதான். கத்தியே தீர வேண்டும் என்றிருந்தால் தலையணையில் முகம் புதைத்து மூச்சால் கத்துங்கள், குரலால் வேண்டாம். குரல் கம்மல் நான்கு வாரங்களுக்குப் பிறகும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கடுமையான மன அதிர்ச்சி இதயத் தசையைத் தற்காலிகமாகத் தளரச் செய்யும் ஒரு நோய் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்து டகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். அறிகுறிகள் மாரடைப்பைப் போலவே இருக்கும். ஆகவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், துக்கத்தால் வருகிறது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டுப் பாடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேட்கும் பாட்டுகளை ஒழுங்குபடுத்துதல்

சோகப் பாட்டு கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கலாம். 2014ஆம் ஆண்டு லிலா தாருஃபி, ஷ்டெஃபான் கெல்ஷ் ஆகிய இருவரும் 772 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், சோக இசை கேட்கும்போது எழுவதாகப் பலரும் சொன்ன உணர்வுகளுள் முதலிடம் பெற்றது துயரம்கூட அல்ல, கடந்த காலத்தை எண்ணும் இனிய ஏக்கம். ஆறுதல் கிடைப்பதாகவும் பலர் சொன்னார்கள். அதே சமயம், ஒரே நினைவைத் திரும்பத் திரும்ப மனத்தில் அரைத்துக்கொண்டிருக்கும் இயல்பு உள்ளவர்களைச் சோகப் பாட்டு இன்னும் கீழே இழுக்கக்கூடும். நீங்கள் எந்த வகை என்பதைப் பாட்டு முடிந்த உடனே கண்டுகொள்ளலாம். அழுது, உடம்பு தளர்ந்து, ஒரு பெருமூச்சு வந்தால் அந்தப் பாட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. பாட்டு முடிந்ததும் அவரோடு மனத்துக்குள் வாக்குவாதம் மறுபடி தொடங்கிவிட்டால், அந்தப் பாட்டைச் சில வாரங்களுக்கு ஒதுக்கிவையுங்கள்.

பாடல் வரிசையை அமைப்பதற்கு இசைச் சிகிச்சையாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடிக்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1940களில் வகுத்த முறை அது. கேட்பவரின் இப்போதைய மனநிலைக்குப் பொருந்தும் இசையில் தொடங்கி, அங்கிருந்து சிறிது சிறிதாக விரும்பும் மனநிலையை நோக்கி நகர்த்த வேண்டும். அழுதுகொண்டிருப்பவருக்கு எடுத்த எடுப்பிலேயே துள்ளலான பாட்டைப் போட்டால் அது அவமதிப்பாகவே படும். முதலில் உங்கள் துயரத்துக்கு ஈடான இரண்டு மூன்று பாட்டுகள், அடுத்து வேகம் ஏறக்குறைய அதேதான் என்றாலும் சொற்களில் கொஞ்சம் நிதானம் வந்த சில, கடைசியில் கால் தாளம் போடும் சில என்று வரிசைப்படுத்துங்கள். கடைசிப் பாட்டோடு வரிசை நின்றுவிட வேண்டும். தானாக அடுத்தடுத்து ஓடும் வசதியையும், ஒரே பாட்டைச் சுழலவிடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். எங்கே போகிறோம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பது இங்கேயே தொடங்குகிறது.

பழிவாங்கும் பாட்டுகளைப் பற்றி எனக்குக் கலவையான கருத்து உண்டு. கூனிக் குறுகிப் போனவரை நிமிர்த்தி உட்காரவைக்கும் வலிமை கோபத்துக்கு இருக்கிறது. தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொண்டிருப்பவர் ஒரு வாரம் அத்தகைய பாட்டுகளை உரக்கப் பாடுவது நல்லதும்கூட. ஆனால் அவையும் அவரை நோக்கியே பாடப்படுகின்றன என்பதை மறக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் குடியிருக்கக் கூடாது.

இருவரும் சேர்ந்து கேட்ட பாட்டுகள் தனிச் சிக்கல். பழக்கமான இசை சொந்த வாழ்க்கை நினைவுகளை எழுப்பும்போது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி இரண்டையும் எப்படிப் பிணைக்கிறது என்பதைப் பெட்ர் ஜனாட்டா என்ற ஆய்வாளர் 2009ஆம் ஆண்டு காட்டினார். முதல் இரண்டு சுரங்களிலேயே ஒரு முழு மாலைப்பொழுது திரும்பி வந்து நிற்பதற்குக் காரணம் இந்தப் பிணைப்பு. அதை அறுக்க முடியாது, ஆனால் அதே பாட்டோடு புதிய நினைவுகளைச் சேர்க்கலாம். அந்தப் பாட்டை உங்கள் சுருதிக்கு இறக்கி, வேகத்தை மாற்றி, வாத்திய இசையாகவோ வேறொருவர் பாடியதாகவோ கேட்டு, இதுவரை செய்யாத ஒரு வேலையைச் செய்தபடி நீங்களே பாடிப் பழகுங்கள். மிகவும் வலிப்பதில் தொடங்காமல், ஓரளவு தாங்கக்கூடியதில் தொடங்குங்கள். எல்லாப் பாட்டையும் மீட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒன்றிரண்டை அவரோடே விட்டுவிடுவதில் தோல்வி ஏதும் இல்லை.

வேண்டாத பாட்டு ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் சூயிங்கம் மெல்லுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்வது அல்ல. ரெடிங் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் பீமன் குழுவினர் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனைகளில் இது பலன் தந்தது. மனத்துக்குள் பாடுவதற்கும் வாயசைவை நடத்தும் அமைப்பின் துணை வேண்டும், மெல்லும்போது அது வேறு வேலையில் இருக்கிறது.

உங்கள் பாட்டை எழுதுதல்

தூக்கமும் பசியும் ஓரளவு திரும்பிய பிறகு எழுதத் தொடங்குங்கள். முதலில் பாட்டு வேண்டாம், உரைநடையாக எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் வாழ்க்கையின் மிகக் கசப்பான அனுபவத்தைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே முன்பைவிட வாட்டமாக இருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. உங்களுக்கும் எழுதிய மாலை பாரமாக இருக்கலாம், ஆகவே படுக்கப் போகும் முன் எழுதாதீர்கள். நான்கு நாட்கள் எழுதியதை நான்கு நாட்கள் மூடி வைத்துவிட்டு, பிறகு எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களையும் அடிக்கோடிடுங்கள். பாட்டு அவற்றிலிருந்துதான் வரும்.

முதல் வரிகள் பெரும்பாலும் இப்படி வரும்:

நீ சொன்ன பொய்யெல்லாம் நெஞ்சுக்குள் முள்ளாச்சு,
நீ போன பின்னாலே என்வாழ்வே இருளாச்சு.

இதை எழுதியதில் தவறில்லை. எழுதித் தீர்க்க வேண்டியது இது. ஆனால் முள்ளும் இருளும் எல்லோருடைய துயரத்துக்கும் பொருந்தும், உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை. மேலும் இரண்டு வரியிலும் செயல் செய்பவர் அவர்தான். அவர் சொன்னார், அவர் போனார். நீங்கள் வெறும் இடமாக இருக்கிறீர்கள், அங்கே முள் தைக்கிறது, இருள் சூழ்கிறது. அடுத்த முறை எழுதும்போது பொதுச் சொற்களை அடித்துவிட்டு, அடிக்கோடிட்ட பொருள்களில் ஒன்றைக் கொண்டுவாருங்கள்:

நள்ளிரவில் மேசைமேல் மின்னியது உன் கைப்பேசி,
யாரென்று நான் கேட்டேன், நகர்ந்தாய்நீ வேறு பேசி.

இப்போது ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. இதை எழுதும்போது வலி கூடும். ஆனால் இதில் ஒரு முக்கியமான உண்மையும் வெளிப்படுகிறது: நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், கேட்டிருக்கிறீர்கள். "எனக்கு எப்படித் தெரியாமல் போனது?" என்று உங்களைக் குடைந்த கேள்விக்கு உங்கள் நினைவே பதில் சொல்கிறது. உங்கள் கணிப்பு வேலை செய்தது, பொய் சொன்னவர் அதைத் திசைதிருப்பினார். துரோகத்தைப் பற்றித் துல்லியமாக எழுதச் சொல்வதன் பெரும்பயன் இதுதான். மங்கலாக எழுதினால் குற்றம் யாருடையது என்பதும் மங்கிவிடுகிறது.

மூன்றாவது முறை, அதே பொருளை எடுத்துக்கொண்டு, இன்று நீங்கள் அதைக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்:

சன்னலின் ஓரமாய் மேசையை நகர்த்திவிட்டேன்,
என்னுடைய புத்தகத்தை வெளிச்சத்தில் திறந்துவைத்தேன்.

அவர் இந்த வரிகளில் இல்லை. அவரைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. முதல் இரண்டு கட்டங்களை எழுதாமல் நேராக இங்கே வந்துவிட்டால் இந்த வரிகள் பாவனையாகத்தான் இருக்கும். ஆகவே மூன்றையும் அந்த வரிசையிலேயே எழுதுங்கள், முதல் இரண்டைக் கிழித்தெறியாமல் நோட்டிலேயே விட்டுவையுங்கள். எதுகைக்காக உண்மையை வளைக்க வேண்டாம். மேலே "சன்ன", "என்னு" என்று வந்ததுபோல் இரண்டாம் எழுத்து தானாக இயைந்தால் மகிழ்ச்சி, இயையாவிட்டால் ஒத்த நீளமே போதும்.

பல்லவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்கிறார்கள். பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்பி வரும், பாட்டு முடிந்த பிறகும் நாவில் நிற்கும். ஆகவே காயத்தைப் பல்லவியில் வைக்காதீர்கள். "ஏமாந்து போனேனே" என்பது பல்லவியானால், ஒருமுறை பாடும்போது அதைப் பலமுறை உங்கள் வாயாலேயே உங்கள் காதுக்குச் சொல்கிறீர்கள். காயத்தின் இடம் சரணம். அங்கே ஒருமுறை முழுமையாக, மறைக்காமல் சொல்லிவிட்டுக் கடந்து போகலாம். பல்லவிக்கு, இன்று உங்களால் உண்மையென்று சொல்ல முடிந்த ஒரு சிறிய வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள். "நான் வென்றுவிட்டேன்" என்பதை இன்று மனம் நம்பாது. "நான் எழுந்துவிட்டேன்" என்பதை நம்பும். நம்ப முடியாத பெருமிதத்தைப் பாடினால் ஒவ்வொரு முறையும் மனம் உள்ளிருந்து மறுத்துப் பேசும்.

ஒரு சரணத்தில் உங்களை நீங்களே பெயர் சொல்லி அழைத்துப் பேசிப்பாருங்கள். கிராஸ் குழுவினர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுகளில், மன அழுத்தம் தரும் சூழலில் "நான்" என்று சொல்லாமல் தங்கள் பெயரைச் சொல்லித் தங்களோடு பேசிக்கொண்டவர்கள் பதற்றத்தை மேலாகச் சமாளித்தார்கள். நெருங்கிய தோழி ஒருத்திக்கு இதே துன்பம் நேர்ந்திருந்தால் அவளிடம் எந்தக் குரலில் பேசுவீர்களோ அந்தக் குரல் இந்தச் சரணத்தில் தானாக வந்துவிடும். கேட்பவர் இடத்தில் நீங்கள் அமர்வது இப்படித்தான் நிகழ்கிறது.

மெட்டுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். வரியைப் பலமுறை உரக்கப் பேசுங்கள். பேச்சு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று கேளுங்கள். அந்த ஏற்ற இறக்கத்தைச் சற்றே பெரிதாக்கினால் மெட்டு கிடைத்துவிடும். நான்கைந்து சுரங்களுக்குள் நின்றால் அழுகை கலந்த குரலாலும் பாட முடியும். கைப்பேசியில் கிடைக்கும் சுருதிப்பெட்டிச் செயலி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடியதைப் பதிவு செய்து தேதியிட்டுச் சேமியுங்கள், உடனே கேட்க வேண்டாம். ஒரு மாதம் கழித்துக் கேட்கும்போது குரலில் நேர்ந்திருக்கும் மாற்றம் உங்களுக்கே தெரியும்.

செய்த பிறகே பாடுங்கள்

தற்சார்பு திரும்புவது உணர்வில் மட்டும் நடப்பதில்லை. வீட்டு வாடகையில், வங்கிக் கணக்கில், கடவுச்சொல்லில், ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் அது நடக்கிறது. இதற்குப் பாட்டைப் பயன்படுத்த நான் பரிந்துரைக்கும் விதி இது: உங்கள் பாட்டில் புதிய சரணம் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், அதில் சொல்லப்படும் செயலை முதலில் செய்து முடித்திருக்க வேண்டும். "மேசையை நகர்த்திவிட்டேன்" என்று பாடுவதற்கு மேசையை உண்மையிலேயே நகர்த்தியிருக்க வேண்டும். செய்யப்போகிறேன் என்ற சபதங்களுக்கு இந்தப் பாட்டில் இடமில்லை.

இந்த விதி சிறியதாகத் தோன்றலாம், ஆனால் அதன் பயன் பெரிது. பாட்டு வளர வேண்டும் என்ற ஆசை செயலைத் தள்ளிக்கொண்டு போகும், செய்து முடித்த செயல் பாட்டுக்கு நம்பகத்தன்மை தரும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் பணத்தில் தொடங்குங்கள். கூட்டுக் கணக்கு இருந்தால் அதன் நிலையைக் கேட்டறிந்து, உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கைத் தொடங்குங்கள். அடுத்து மின்னஞ்சல், சமூக ஊடகம், வங்கிச் செயலி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றி, உங்கள் இருப்பிடம் யாருக்கெல்லாம் பகிரப்படுகிறது என்று பாருங்கள். வாரிசுதாரராகவும் அவசரத் தொடர்பாகவும் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பலர் ஆண்டுக்கணக்கில் கவனிப்பதே இல்லை. இவற்றைப் பாட்டாக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும். "பழைய சாவி பொருந்தாத புதிய பூட்டு போட்டேன்" என்ற ஒரு வரிக்குள் பாதி வேலை அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருபவை இன்னும் மென்மையானவை: அவருக்குப் பிடிக்காது என்பதற்காக விட்டுவிட்ட நடனத்தைத் தொடங்குவது, தனியே திரைப்படம் பார்க்கப் போவது, இருவர் படுத்த கட்டிலின் நடுவில் படுத்து உறங்குவது. இவை ஒவ்வொன்றும் இரண்டு வரி பெறும் தகுதி உள்ளவை.

கடினமான ஒரு தொலைபேசி உரையாடலுக்கு முன்போ, பொருள்களைத் திரும்பப் பெறச் சந்திக்க வேண்டிய நாளிலோ, புறப்படும் முன் பல்லவியை ஒருமுறை முழுக் குரலில் பாடுங்கள். மூச்சு நிதானப்பட்டிருக்கும், குரல் நடுங்காது, சொல்ல வந்ததைச் சொல்ல முடியும். துரோகம் செய்தவர் வன்முறையும் செய்தவர் என்றால் அந்தச் சந்திப்புக்குத் தனியே போகாதீர்கள். நம்பிக்கைக்குரியவர் ஒருவரையோ சட்ட உதவியையோ துணையாகக் கொண்டே செய்யுங்கள்.

மற்றவர்களோடு பாடுவது

துரோகம் மனிதர்கள் எல்லோர்மீதும் அவநம்பிக்கையை விதைத்துவிடுகிறது. வாய் திறந்து கதை சொல்லாமலே மனிதர்களுக்கு நடுவில் இருக்கப் பழகுவதற்குக் கூட்டாகப் பாடுவதைவிட நல்ல வழியை நான் அறியேன். 2015ஆம் ஆண்டு ஐலுனெட் பியர்ஸ், ஜாக் லானே, ராபின் டன்பார் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வயதுவந்தோர் கல்வி வகுப்புகளில் சேர்ந்தவர்களுள் பாட்டு வகுப்பினர் கைவினை வகுப்பினரையும் படைப்பெழுத்து வகுப்பினரையும் விட விரைவில் நெருக்கமானார்கள். ஏழு மாத முடிவில் எல்லா வகுப்பினரும் ஒரே அளவு நெருக்கத்தை எட்டினார்கள் என்றாலும், தொடக்கத் தயக்கத்தைப் பாட்டு சீக்கிரம் உடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஸ்வீடனில் பியோர்ன் விக்ஹோஃப் குழுவினர், சேர்ந்து பாடுபவர்களின் இதயத்துடிப்பு ஒரே ஒழுங்கில் ஏறி இறங்குவதைப் பதிவு செய்தார்கள். பாட்டின் வரிகள் எல்லோரையும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வைப்பதே காரணம். சேர்ந்திசைக் குழு, பஜனைக் குழு, தேவாலயப் பாடகர் குழு, வாரம் ஒருமுறை கூடும் நண்பர்கள் என்று எதுவாக இருந்தாலும் சரி. அங்கே உங்கள் பாட்டைப் பாட வேண்டியதில்லை. பொதுவான பாட்டுகளைப் பாடிவிட்டு வீடு திரும்பினால் போதும்.

உங்கள் பாட்டை ஒரே ஒருவருக்குப் பாடிக்காட்ட விரும்பினால், அவர் இருவருக்கும் பொதுவான நண்பராக இருக்க வேண்டாம். கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்லாமல் சும்மா இருக்கத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள்.

அவருக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். அனுப்பாதீர்கள். அவர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நீங்கள் மறுபடி காத்திருக்கத் தொடங்குவீர்கள். பொதுவெளியில் பதிவேற்றுவதும் அவசரத்தில் செய்யக் கூடியது அல்ல. கோபம் தணியச் சில மாதங்கள் விட்டு, அப்போதும் விரும்பினால் வெளியிடுங்கள். பெயர், ஊர், தொழில் என்று அவரை அடையாளம் காட்டும் எதுவும் அதில் இருக்கக் கூடாது, தனிப்பட்ட செய்திகளையும் படங்களையும் சேர்க்கக் கூடாது. அவதூறு வழக்கோ பதிலடியோ வந்தால், முடிந்துபோன உறவு சட்டத்தின் வழியாகத் தொடரும்.

பாட்டால் தாங்க முடியாத பாரமும் உண்டு. பல வாரங்களாக உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நாடுங்கள். உயிரோடிருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், தனியே இருக்காதீர்கள். எழுதிய நோட்டை ஆலோசகரிடம் எடுத்துச் சென்றால் அவருக்கு அது மிகவும் பயன்படும்.

நாட்கள் போகப் போக, பாட்டில் சில சரணங்கள் உங்களுக்குப் பொருந்தாமல் போகும். கைப்பேசி மின்னிய இரவைப் பாடும்போது சொற்கள் வாயில் வரும், வயிறு இறுகாது. அப்போது அந்தச் சரணத்தை எடுத்துவிட்டு மற்றவற்றைப் பாடுங்கள், நோட்டில் மட்டும் அது இருக்கட்டும். பல வாரங்கள் பாட மறந்துபோனால் அதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம், கட்டாயப்படுத்திப் பாடவும் வேண்டாம். ஆண்டு நிறைவு நாள் போன்ற ஒரு தேதியில் பழைய வலி திடீரெனத் திரும்பினால், முதல் நாட்களைப் போல முனகலிலிருந்து தொடங்கி, பிறகு பாட்டுக்கு வாருங்கள். இரண்டாம் முறை இந்த வழி வெகு விரைவில் கடந்துவிடும். புதிய உறவு ஒன்று அமையும் காலத்தில், இந்தப் பாட்டை அவருக்குப் பாடிக்காட்ட வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. எப்போது, எவ்வளவு, எந்தச் சரணம் வரை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.